கம்பி தெரிகிறதா, தம்பி?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன்களை எனக்கு நன்றாகத் தெரியும். சூளகிரி, பேரிகை, தளி, அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரை என்று நாலாபக்கத்திலிருந்தும் வந்து, ஒரே அறையில் ஐந்து பேராகத் தங்கி, வெல்டிங் கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் ஒரே பையில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவான். "நமக்கெல்லாம் இவ்ளோதாண்ணா. ஐ.டி.ஐ. படிச்சவனுக்கு இதுக்கு மேல என்ன இருக்கு?" மற்றவர்கள் தலையாட்டுவார்கள். டீ ஆறிப்போகும்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உன்மேல் கோபம் இல்லை. இருபது வயதில் உன்னை நீயே சோதித்து, நீயே தீர்ப்பு எழுதி, நீயே கையெழுத்தும் போட்டுவிட்டாயே, அந்த அவசரத்தின்மேல் கோபம். நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வெல்டிங் ஃபிலிம் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன். 'ரிஜெக்ட்' என்று எழுதுவது என் தொழில். அந்த ஒரு வார்த்தையை எழுத நான் என்னவெல்லாம் பார்த்தாக வேண்டும் என்று உனக்குச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, உன்மேல் நீ எழுதிய தீர்ப்பு செல்லுமா என்று நீயே சொல்.

இரண்டு குழாயைச் சேர்த்துப் பற்றவைக்கிறாய். மேலே மீன் செதில் அடுக்கியதுபோல அலையலையாக அழகாக இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? ரூட் முழுதாக இறங்கியதா, பக்கச் சுவரோடு உருகிச் சேர்ந்ததா, ஸ்லாக் உள்ளே மாட்டிக்கொண்டதா? அறுத்துப் பார்த்தால் தெரியும். அறுத்த பிறகு அந்தக் குழாய் எதற்கு ஆகும்? அதனால்தான் படம் எடுக்கிறோம். ஒரு பக்கம் கதிர் வீசும் சோர்ஸ், மறுபக்கம் ஃபிலிம். எஃகு முழுதாக இருக்கும் இடத்தில் கதிர் குறைவாகத்தான் வந்து சேரும். குழியோ விரிசலோ இருந்தால் அங்கே கொஞ்சம் அதிகமாகப் புகுந்து ஃபிலிமைக் கறுப்பாக்கும். டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் முனை உடைந்து உள்ளே விழுந்தால், அது எஃகைவிட அடர்த்தி, அதனால் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஆயிரம் சாம்பல் நிறங்கள். அதைப் படிப்பதுதான் எங்கள் எழுத்தறிவு.

ரான்ட்ஜென் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அவர் மனைவியின் கை எலும்பு தெரியும் படத்தை உலகமே அறியும். அவர் தன்னுடைய வேட்டைத் துப்பாக்கியையும் படம் எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. இரும்புக்குள் இருந்ததை அந்தப் படம் காட்டியது. மருத்துவருடைய எக்ஸ்ரேயும் நம்முடைய எக்ஸ்ரேயும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். டாக்டர் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கிறது. பாய்லரின் ஃபிலிமைத் தூக்கிப் பார்க்கிறவனும் உயிரைத்தான் பார்க்கிறான். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்தது. 58 பேர் செத்தார்கள். அப்படிப்பட்ட சாவுகளிலிருந்துதான் இன்று நாம் கையில் வைத்திருக்கும் அமெரிக்க பாய்லர் விதிப்புத்தகம் பிறந்தது. அதில் உள்ள எண்களை மனப்பாடம் செய்யும்போது அந்தச் சாவுகளை மறக்காதே.

இப்போது கம்பிக்கு வருகிறேன்.

ஃபிலிம் கைக்கு வந்ததும் வெல்டைப் பார்க்கவே மாட்டேன். முதலில் கம்பியைத் தேடுவேன். படம் எடுக்கும்போதே வெல்டின் குறுக்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை வைப்போம். அதற்குள் ஏழு மெல்லிய எஃகுக் கம்பிகள், தடிமனிலிருந்து மெலிவு வரை வரிசையாக. ஒரு வகையில் முதல் கம்பி 0.40 மில்லிமீட்டர், கடைசிக் கம்பி 0.10 மில்லிமீட்டர். கடைசிக் கம்பி கிட்டத்தட்ட உன் தலைமுடி பருமன்தான். இந்தத் தடிமனுக்கு இந்தக் கம்பி தெரிய வேண்டும் என்று விதி சொல்லும். அந்தக் கம்பி ஃபிலிமில் தெரிந்தால்தான் அந்தப் படத்துக்குப் பேச வாய் உண்டு. தெரியவில்லை என்றால் வெல்ட் தங்கமாக இருந்தாலும் சரி, தகரமாக இருந்தாலும் சரி, அந்த ஃபிலிம் குப்பை. திரும்ப எடு!

இதை நன்றாக மனதில் வாங்கு. கம்பி தெரியாத ஃபிலிமில் ஒரு குறையும் தெரியாது. புதிதாக வருகிறவன் அதைப் பார்த்து, "சுத்தமா இருக்கு சார்" என்பான். 'ஒன்றும் இல்லை' என்பது வேறு, 'ஒன்றும் தெரியவில்லை' என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் பாதி இன்ஸ்பெக்டர்.

இப்போது டீக்கடை பெஞ்சுக்குத் திரும்பி வா. "எனக்குள்ளே ஒண்ணும் இல்ல" என்றாயே, கம்பி வைத்தாயா? எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் உன்னைப் பார்த்தாய்? பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, ஒரே ஒரு மத்தியானம், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத்தான் தெரியும். அந்த மார்க் ஷீட் ஒரு அவசர எக்ஸ்போஷர். அதில் உன் திறமை தெரியவில்லை என்பது உண்மை. இல்லை என்று அது எங்கே சொன்னது?

கம்பிக்கு அடுத்தது கறுப்பின் அளவு. டென்சிட்டி என்போம். காமா கதிரில் எடுத்த படம் 2-க்குக் குறையக் கூடாது, 4-க்கு மேல் போகக் கூடாது என்று அந்த அமெரிக்க விதிநூல் சொல்கிறது. 2 என்றால் பின்னால் இருக்கும் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குதான் உன் கண்ணுக்கு வரும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெளுத்துப்போன ஃபிலிம் பார்க்க இதமாக இருக்கும், அதில் எதுவும் பிடிபடாது. நல்ல ஃபிலிம் கன்னங்கரேல் என்று இருக்கும். வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வியூவரின் உக்கிரமான விளக்குக்கு முன்னால் வைத்து, அறையை இருட்டாக்கி, கண்ணை இருட்டுக்குப் பழக்கினால்தான் அது வாயைத் திறக்கும். வெளியே வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்ததும் ஃபிலிமைத் தொடுகிறவனை நான் அனுமதிப்பதே இல்லை. பத்து நிமிடம் சும்மா உட்கார், பிறகு பார் என்பேன். கஷ்டத்தில் ஊறிக் கறுத்துப்போன வாழ்க்கை உன்னுடையது என்றால், உனக்குத் தேவை கொஞ்சம் பலமான விளக்கும் பத்து நிமிடப் பொறுமையும்.

மூன்றாவதாகப் பார்ப்பது பொய்க்குறி. வெல்டில் இல்லாத, ஃபிலிமில் மட்டும் இருக்கிற அடையாளங்கள். விரல் ரேகை, தண்ணீர்ச் சொட்டு, ஈயத் திரையின் கீறல், உலர்ந்த காற்றில் ஃபிலிமைச் சரக்கென்று உருவினால் நிலைமின்சாரம் வரைகிற இலையில்லாத மரம்போன்ற கோடுகள். இதில் கெட்டது ஒன்று உண்டு. படம் எடுத்த பிறகு இருட்டறையில் அவசரமாகக் கையாளும்போது நகம் பட்டு ஃபிலிம் மடிந்தால், பிறைநிலா மாதிரி ஒரு கறுப்பு வளைவு விழும். அதை விரிசல் என்று எழுதி, நல்ல ஜாயிண்டை வெட்டிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க வழி சுலபம். ஃபிலிமை வியூவரிலிருந்து எடு, விளக்கொளி அதன் பரப்பின்மேல் சாய்வாகப் படும்படி திருப்பு. மடிப்பும் கீறலும் பரப்பிலேயே மினுங்கும். விரிசலின் நிழல் மினுங்காது. ஒரே உறையில் இரண்டு ஃபிலிம் வைத்து எடுத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது வெல்டில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இருந்தால் வெல்டின்மேல் பழி இல்லை.

உன் இங்கிலீஷ் பயத்தை இப்படிச் சாய்த்துப் பார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பேருந்தில் கன்னடம் என்று மூன்று மொழியில் புழங்குகிற பிள்ளைகள் நிறைந்த எல்லைப் பூமி இது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் நாக்கு தானாகத் திரும்புகிறதே, எந்தப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது? மூன்று மொழி அறிந்தவனைப் பார்த்து "உனக்கு மொழி வராது" என்று எவனோ ஒருவன் சொன்னான். அது அவன் நகம் பட்ட மடிப்பு. உன் உலோகத்தில் அந்த விரிசல் இல்லை.

என் கதை ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஃபிலிம் படிக்கிற உரிமை வாங்கிய புதிது. ஒரு குழாய் வேலை. பத்து மில்லி கனம். ஃபிலிமில் வெல்டின் நடுக்கோட்டை விட்டுச் சற்று விலகி, ஒரு அங்குல நீளத்துக்கு மெல்லிய கறுப்புக் கோடு. ஒரு விளிம்பு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர், மறு விளிம்பு கொஞ்சம் நெளிவு. பாடத்தில் படித்தது அப்படியே கண்முன் இருக்கிறது. உருகிய உலோகம் பக்கச் சுவரோடு சேரவில்லை. நேர்விளிம்பு என்பது கிரைண்டிங் செய்த சுவரின் விளிம்பு. எனக்குத் தெரிந்தது. சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. பின்னால் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். "கீறல்தானே? லாரி வெளிய நிக்குது." நான் 'ஃபிலிம் மார்க்' என்று எழுதினேன். அக்செப்ட். கையெழுத்து.

மூன்று நாள் கழித்து வாங்குகிறவர் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், வயதானவர், அதிகம் பேசாதவர். அந்த ஃபிலிமை எடுத்தார். சாய்த்தார். பரப்பில் ஒரு மினுங்கலும் இல்லை. "அந்த ஜாயிண்ட்ட கிரைண்ட் பண்ணுங்க" என்றார். நாலு மில்லி இறங்கியதும் நிறுத்தச் சொன்னார். சிவப்பு டையை அடித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தார்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் இடம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையின்மேல் ஒரு சிவப்புக் கோடு, ரத்தம் கசிவதுபோல், மெதுவாக எழுந்து வந்தது. ஒரு அங்குலம். நான் ஃபிலிமில் பார்த்த அதே கோடு.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஃபிலிம்ல கோடு உனக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது சார்."

"அப்ப உன் கண்ணுல குறை இல்ல" என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறிவு இருந்தது, கண் இருந்தது, பட்டறிவும் வரத் தொடங்கியிருந்தது. தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல்ல ஒரு முதுகெலும்பு மட்டும் இல்லை. அடுத்த வாரமே இன்னொரு ஃபிலிம் வந்தது. அதே மேலாளர், அதே லாரி. என் குரல் நடுங்கியது. நடுங்கிய குரலிலேயே, "சார், இது ரிப்பேர்" என்றேன். அவர் கத்தினார். நான் எழுதினேன். உலகம் இடிந்து விழவில்லை. மறுநாள் காலை எனக்கு டீயும் கிடைத்தது, வேலையும் இருந்தது. நடுங்காத குரலோடு யாரும் பிறப்பதில்லை, தம்பி. நடுக்கத்தோடு சொன்ன உண்மை பத்து சேர்ந்தால் பதினொன்றாவது தானாக நிமிர்ந்து வரும்.

கோட்டுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்று கேட்பாய். காற்றுக்குமிழியால் வரும் உருண்டைப் புள்ளிகளை விதி ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்கிறது. உருண்டைக்குக் கூர்முனை இல்லை, இழுவிசை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நீளவாக்கில் மாட்டிய ஸ்லாக் என்றால், 19 மில்லி வரை கனமுள்ள அழுத்தக் கலனில் 6 மில்லி நீளம் வரை அமெரிக்க விதிநூல் விடுகிறது. விரிசலுக்கும், உருகிச் சேராத இடத்துக்கும், ரூட் இறங்காத இடத்துக்கும் இந்தச் சலுகை எதுவும் இல்லை. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தள்ளு. முனை கூராக இருக்கிறது, ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறி இறங்கும்போதும் அது ஒரு அடி முன்னால் வைக்கும்.

1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்தது. 212 பேர் இருந்தார்கள். 123 பேர் இறந்தார்கள். அத்தனை பெரிய எஃகு மலையின் ஒரு கால் முறிந்து போகக் காரணம் என்னவென்று தோண்டிப் பார்த்தார்கள். ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மில்லி ஃபில்லெட் வெல்டில் போய் நின்றது விசாரணை. பளு தாங்குகிற வெல்டுகூட இல்லை அது. பழைய விரிசலுக்குள்ளே பெயிண்ட் இருந்தது. அப்படியென்றால் பெயிண்ட் அடித்த நாளிலேயே விரிசல் அங்கே திறந்து கிடந்திருக்கிறது. அந்தப் பெயிண்ட்டை நினைத்தால் இன்றும் என் வயிறு கலங்குகிறது. "நான் ஒரு சின்ன வேலைக்காரன், என்னால என்ன ஆகப்போகுது" என்று இனி சொல்லாதே! நீ பார்த்துச் சொன்னால் ஒரு கால் முறியாமல் நிற்கும்.

ரிஜெக்ட் ஆன ஜாயிண்டை என்ன செய்கிறோம் என்பதையும் பார். தூக்கி எறிவதில்லை. எந்த இடத்தில் எத்தனை மில்லி நீளத்துக்குக் குறை என்று ஃபிலிமை வெல்டின்மேலேயே வைத்துச் சாக்பீஸால் குறிக்கிறோம். அந்த இடத்தை மட்டும் கிரைண்ட் செய்து எடுக்கிறோம். முழுதாகப் போய்விட்டதா என்று சோதிக்கிறோம். மறுபடி வெல்ட், மறுபடி படம். ஈய எழுத்தில் ஜாயிண்ட் நம்பருக்குப் பக்கத்தில் 'ஆர்-1' என்று வைக்கிறோம். அந்த ஆர்-1 அவமானச் சின்னம் இல்லை. இங்கே குறை இருந்தது, கண்டோம், சரிசெய்தோம், மறுபடி பார்த்தோம் என்று நெஞ்சைத் திறந்து காட்டுகிற எழுத்து. ஆர்-1 போட்டுத் தேறிய ஜாயிண்ட், முதல் தடவையே தேறிய ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அதே அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அரியர் வைத்தவனே, ஒரு வேலையை இழந்தவனே, குடித்துவிட்டு நிறுத்தியவனே, உனக்கும் ஈய எழுத்து இருக்கிறது. எடுத்து வை.

இந்தத் தொழிலில் ஒரு பாவம் நடக்கிறது. அதை மறைக்க மாட்டேன். நல்ல ஜாயிண்ட் ஒன்றையே பத்து தடவை படம் எடுத்து, நம்பரை மட்டும் மாற்றி வைத்து, பத்து ஜாயிண்டுக்குக் கணக்குக் காட்டுகிற பேர்வழிகள் உண்டு. உன்னையும் ஒரு நாள் கூப்பிடுவார்கள். "சும்மா நம்பர மாத்துடா" என்பார்கள். செய்யாதே. பிடிபடுவாய் என்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் பிடிபடவும் செய்வாய். இரண்டு ஃபிலிமை ஒன்றன்மேல் ஒன்றாக வியூவரில் வைத்தால் போதும். வெல்டின் அலைகளும், ஓரத்தில் தெறித்த ஒரு சின்னத் துளியும் அச்சாகப் பொருந்திவிடும். கைநாட்டு மாதிரிதான், எந்த இரண்டு ஜாயிண்டுக்கும் ஒரே அலை கிடையாது. மாதம் முழுக்க உன் அம்மா சமைக்கிற கேஸ் சிலிண்டரும் வெல்ட் செய்ததுதான் என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்.

எங்கே போய்ப் படிப்பது என்று கேள். கேட்பதில் வெட்கம் என்ன? நம் மாநிலமே இதற்குப் பாடசாலை. திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை 1960-களில் வந்தது. அங்கேயே 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. திருச்சிச் சுற்றுவட்டாரமே பாய்லர் வெல்டிங்கைத் தாய்ப்பாலாகக் குடித்து வளர்ந்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உடைக்காமல் சோதிக்கும் கலையை உலகத்தரத்துக்கு வளர்த்தார்கள். அங்கே இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜும், ஜெயகுமாரும், தவசிமுத்துவும் சேர்ந்து எழுதிய பாடநூலைத்தான் இந்தியா முழுக்கப் பிள்ளைகள் புரட்டுகிறார்கள். உடைக்காமல் சோதிப்போரின் இந்திய சங்கத்துக்குத் தலைமையகம் சென்னை. இத்தனையும் உனக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம்.

சான்றிதழுக்கு லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று படிகள். வழக்கமான திட்டத்தில் ரேடியோகிராஃபிக்கு ஒவ்வொரு படிக்கும் 40 மணி நேரம் வகுப்பு, அதோடு கைப்பழக்கம். தேர்வு மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் 70, சராசரி 80 எடுக்க வேண்டும். வருடந்தோறும் கிட்டப்பார்வைச் சோதனை உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு தேறலாம், தடையில்லை. தங்கைகளே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். ஃபிலிம் படிக்கும் நாற்காலி தோள்வலிமை கேட்பதில்லை. பொறுமையும் கூர்மையும் கேட்கிறது. ரோஜாத் தோட்டத்துக் குடிலில் ஒரு பார்வையில் தண்டின் நீளத்தையும் மொட்டின் பக்குவத்தையும் தரம்பிரித்துக் கட்டுகிறாளே உன் அம்மா, அந்தக் கண் உனக்கு வந்திருக்கிறது.

சோர்ஸைக் கையாளப் போகிறவனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரிடியம்-192 சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஏறத்தாழ 74 நாளில் வீரியம் பாதியாகும். வாசம் கிடையாது, சூடு தெரியாது, வலிக்காது. அதனால்தான் அது ஆபத்து. 2010-ல் டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தையில், இன்னது என்று தெரியாமல் ஒரு கோபால்ட்-60 கருவியை உடைத்தார்கள். ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல், சோர்ஸ் வைத்திருக்கும் கேமராவைத் தொடாதே. சர்வே மீட்டர் கையில் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதே. உடம்பில் பட்ட கதிரைக் கணக்கு வைக்கும் டி.எல்.டி. பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவனைத் தைரியசாலி என்று நான் சொல்ல மாட்டேன். கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் சோர்ஸ் உள்ளே திரும்பிவிட்டதா என்று மீட்டரைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு நடக்கிறானே, அவன் நெஞ்சுரம் உள்ளவன்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, ஃபிலிம் போய் டிஜிட்டல் பேனல் வருகிறதே, மெஷினே குறையைக் கட்டம் கட்டிக் காட்டுகிறதே என்று பயமுறுத்துவார்கள். வரட்டும்! கட்டம் போட்ட இடத்தில் இருப்பது ஸ்லாக்கா, சேராத சுவரா, பேனலின் பழுதா என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. திரையில் பார்த்தாலும் ஃபிலிமில் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது கம்பியைத்தான்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். பேரிகை. வீட்டில் தெலுங்கு. ஃபிட்டர் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் டிரம் உருட்டிக்கொண்டிருந்தவன். "எனக்கு வராது சார், சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, உட்கார வைத்தேன். பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வியூவரைப் போட்டு ஒரு ஃபிலிமை வைத்தேன். "வெல்டப் பாக்காத. கம்பிய எண்ணு."

முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றான். அவசரப்படாதே என்றேன். முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான், மறுபடி கிட்டே கொண்டுபோனான். லென்ஸை எடுத்து வைத்தான். அவனுக்கே தெரியாமல் உதடு அசையத் தொடங்கியது. "ஒகட்டி… ரெண்டு… மூடு…" விதிப்படி அந்தத் தடிமனுக்கு மூன்றாவது கம்பி போதும். அவன் நிறுத்தவில்லை. "நாலுகு…" நீண்ட நேரம் கழித்து, "ஐது."

"ஆறாவது?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டுவேனா என்று தேடினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி குனிந்து, லென்ஸை அந்த இடத்தில் மெதுவாக நகர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆறாவது தெரியல சார். அஞ்சு தெரியுது. அஞ்சுதான்."

ரிப்போர்ட் தாளை அவன் பக்கம் நகர்த்தினேன்.